சுவருக்குள் ஓடும் சரித்திரம்

பழைய வீடுகளில் பேய் உலாவுகிறது என்று சொல்லிக்கொள்வதில் இங்கிலாந்துக்காரர்களுக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. நேற்றுக் கட்டிய வீட்டில் பேய் இருக்கிறதென்று சொன்னால் அக்கம் பக்கத்தார் சிரிப்பார்கள். வீடு பழையதாக இருந்தால் மாடிப்படியில் வெள்ளை உடுத்திய சீமாட்டி, நிலவறையில் தலையில்லாத சேவகன் என்று ஏதாவது ஒரு கதை இருந்தே தீரும். அந்தக் கதைகளை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஆனால் அந்த வீடுகளில் உண்மையாகவே கண்ணுக்குத் தெரியாமல் உலாவுகிற ஒன்று இருக்கிறது. சுவர்ப் பூச்சுக்குள்ளும், தரைப் பலகைகளுக்கு அடியிலும், கூரையின் இருட்டிலும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எப்போது வைத்தார்கள், யார் வைத்தார்கள், எந்த வழியாகப் போகிறது என்பது வீட்டில் குடியிருப்பவருக்கே தெரியாது. மின்சாரக் கம்பியைத்தான் சொல்கிறேன்.

இந்தக் கம்பிகள் எல்லாம் வந்து சேருகிற இடத்தில் ஒரு பெட்டி இருக்கும். நம் ஊரில் மெயின் போர்டு என்கிறோம். அங்கே கன்ஸ்யூமர் யூனிட் என்பார்கள். நாமும் மெயின் பெட்டி என்றே வைத்துக்கொள்வோம். சமையலறையில் பெரிய அடுப்பு வைக்கவேண்டும், குளிக்குமிடத்தில் வெந்நீர் யந்திரம் மாட்டவேண்டும் என்று வீட்டுக்காரர் ஒருநாள் ஆசைப்படுகிறார். பழைய மெயின் பெட்டி இதற்கெல்லாம் தாங்காது. உடனே மின்சாரத் தொழிலாளி ஒருவரைக் கூப்பிட்டு, பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டும்படி சொல்கிறார். ஒரு பகல் வேலை என்பது அவருடைய எண்ணம்.

வந்தவர் தொழில் தெரிந்தவராக இருந்தால் உடனே திருப்புளியைக் கையில் எடுக்கமாட்டார். வீடு எந்த வருஷம் கட்டியது என்று கேட்பார். விளக்கு விசை ஒன்றைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். அறையின் மூலையில் ஒரு பலகையைத் தூக்கலாமா என்று விசாரிப்பார். வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடும். 'பெட்டியை மாற்றத்தானே கூப்பிட்டேன்? இவர் சுவரை ஏன் விசாரிக்கிறார்? கூலியை ஏற்றுவதற்கு வழி பார்க்கிறாரோ?' என்று நினைப்பார்.

நினைப்பது இயல்புதான். ஆனால் அந்தத் தொழிலாளி செய்வது சுமார் நூற்று நாற்பது வருஷங்களில் பணத்தையும் உயிரையும் கொடுத்து மனிதர்கள் கற்றுக்கொண்ட பாடம். அது எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்துச் சீமையில், க்ராக்ஸைடு என்று ஒரு மாளிகை இருக்கிறது. பீரங்கியும் நீர்விசை யந்திரங்களும் செய்து பெரும் பொருள் சேர்த்த வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் கட்டிய மாளிகை அது. பக்கத்து நியூகாஸிலில் ஜோசப் ஸ்வான் என்பவர் கண்ணாடிக் குமிழிக்குள் கரி இழையை எரியவைக்கும் மின்விளக்கைச் செய்து காட்டியிருந்தார். 1880-ம் வருஷக் கடைசியில் அந்த விளக்குகள் க்ராக்ஸைடில் எரியத் தொடங்கின. ஓடையை அணை போட்டுத் தேக்கி, அந்தத் தண்ணீரால் மின்சாரம் உண்டாக்கினார்கள்.

அங்கே புத்தகசாலையில் விளக்குகளை எப்படி வைத்தார்கள் தெரியுமா? எனாமல் பூசிய அழகான செப்புப் பூச்சாடிகளின் தலையில் வைத்தார்கள். மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பி சாடியின் வயிற்றுக்குள் ஒளிந்து மேலே ஏறிற்று. திரும்பிப் போகும் மின்சாரத்துக்குச் சாடியின் செம்பே பாதையாயிற்று. சாடியின் அடியில் ஒரு சிறு கிண்ணத்தில் பாதரசம். கம்பியின் மொட்டை முனை அதில் தோய்ந்திருக்கும். சாடியைத் தூக்கினால் விளக்கு அணையும், வைத்தால் எரியும். விசை வேண்டாம், திருகு வேண்டாம். இன்று ஒரு மின்சாரப் பரிசோதகர் இதைப் பார்த்தால் மூச்சு நின்றுவிடும். விருந்தினர் ஒவ்வொருவரும் தொட்டுத் தூக்கிய பாத்திரமே மின்சாரத்தின் பாதையாக இருந்ததே!

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். ஸ்வான் விளக்கு எரிந்த முதல் வீடுகளில் ஒன்று இது. இங்கேயே கம்பியை மறைக்கவேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. ஒளி வேண்டும், அது எங்கிருந்து வருகிறதென்று கண்ணில் படக்கூடாது. வீட்டு மின்சாரத்தின் பிற்காலக் கதை முழுவதும் இந்த ஆசையிலிருந்தே கிளம்புகிறது.

அடுத்த வருஷம், 1881-ல், லண்டனுக்கு வடக்கே ஹாட்ஃபீல்டு மாளிகைக்கு மின்சாரம் வந்தது. மாளிகைக்குச் சொந்தக்காரர் ஸால்ஸ்பரி பிரபு. பின்னால் 1885-ல் பிரதம மந்திரியானவர். விஞ்ஞானத்தில் தீராத மோகம் கொண்டவர். லீ நதியோரம் இருந்த மர அறுப்புக் கூடத்திலிருந்து மாளிகைக்குக் கம்பி இழுத்தார்கள். பழைய மாளிகை, எங்கே பார்த்தாலும் சித்திர வேலைப்பாடு செய்த மரம். இந்த மரத்தின் மேல் கம்பிகள் ஓடின. எந்தக் கம்பி எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்ற கணக்கு அப்போது யாருக்கும் சரியாகத் தெரியாது.

ஒருநாள் இரவு விருந்து முடிந்து விருந்தாளிகள் நீண்ட கூடத்துக்குள் நுழைந்தால், கூரை ஓரத்து மரவேலைப்பாடு தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. கம்பி காய்ந்து மரத்தைப் பற்றவைத்துவிட்டது. நல்லவேளையாக அன்று வேட்டைக்கு வந்திருந்த வாலிபர்கள் பலர் கூட்டத்தில் இருந்தார்கள். ஸோபாவின் திண்டுகளை எடுத்துக் குறிபார்த்து வீசியே நெருப்பை அணைத்துவிட்டார்கள். பிரபுவின் குமாரி க்வெண்டலின் ஸீஸில் சீமாட்டி, தகப்பனாரின் வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவத்தை ஒரு வேடிக்கைக் கதையைப் போலச் சொல்லியிருக்கிறார். படிக்கிறவர்களுக்கும் சிரிப்புத்தான் வரும்.

ஆனால் அதே ஹாட்ஃபீல்டில், அதே 1881-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், தோட்டத்தில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி திறந்து கிடந்த கம்பியைத் தொட்டு அந்த இடத்திலேயே விழுந்து மாண்டுபோனார். பிரிட்டனில் விளக்குக்காக வந்த மின்சாரம் முதன்முதலில் பலிகொண்ட உயிர்களில் அவருடையதும் ஒன்று. கூடத்துத் தீயைத் திண்டால் அடித்து அணைத்தார்கள். தோட்டத்தில் விழுந்தவரைக் காப்பாற்ற யாரிடமும் எந்தக் கருவியும் இல்லை. ஒரே வீட்டில், ஒரே கம்பி, இரண்டு விதமான அபாயம் என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று வீட்டை எரிக்கிறது. மற்றொன்று மனிதனைக் கொல்கிறது. முதலாவதற்கு மாற்று சீக்கிரமே வந்துவிட்டது. இரண்டாவதற்கு வர முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

தீயைப் பற்றி முதலில் கவலைப்பட்டவர்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரர்கள். வீடு எரிந்தால் பணம் கட்டவேண்டியவர்கள் அவர்கள் அல்லவா? ஃபீனிக்ஸ் தீ இன்ஷூரன்ஸ் கம்பெனியின் எஞ்சினியர் மஸ்க்ரேவ் ஹீஃபி என்பவர் 1882-ல் மின்விளக்குக்கென்று விதிகளை எழுதினார். அதே வருஷம் தந்தி எஞ்சினியர்களும் மின்சார நிபுணர்களும் சேர்ந்திருந்த சங்கமும் ஒரு சிறிய ஏட்டை வெளியிட்டது. மின்விளக்கினால் உண்டாகும் தீ அபாயத்தைத் தடுப்பதற்கான விதிகள் என்பது அதன் தலைப்பு. மனித உடலுக்கு வரும் ஆபத்தைப் பற்றியும் அதில் ஒரு பகுதி உண்டு. ஆனால் தலைப்பிலே இடம் பிடித்தது தீதான்.

அந்த ஏட்டின் முகவுரையில் ஒரு கருத்து இருக்கிறது. மின்சார எஞ்சினியரை வாட்டும் கஷ்டங்கள் பெரும்பாலும் உள்ளே இருப்பவை, கண்ணுக்குத் தெரியாதவை. மின்சாரத்தையே உள்ளே செலுத்திச் சோதித்துப் பார்த்தால்தான் அவற்றிலிருந்து தப்பலாம் என்று எழுதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சிறிய ஏடு பிற்பாடு பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து தடித்த புத்தகமாகிவிட்டது. 1992-ல் பிரிட்டிஷ் தர நிர்ணயமாகவே ஆயிற்று. 18-வது பதிப்பு 2018-ல் வந்தது. ஆனாலும் 1882-ல் எழுதிய அந்த ஒரு கருத்துக்கு மேலே புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீக்கு மாற்றாக வந்தது ஃப்யூஸ். அமெரிக்காவில் எடிசன் 1880-லேயே அதற்கு உரிமைப் பத்திரம் கேட்டிருந்தார். கம்பிப் பாதையின் நடுவில் வேண்டுமென்றே பலவீனமான ஒரு துண்டை வைப்பதுதான் தந்திரம். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் அது முதலில் உருகி அறுந்து மற்றக் கம்பியைக் காப்பாற்றும். அருமையான உபாயம். ஆனால் அது காப்பது கம்பியைத்தான், மனிதனை அல்ல. ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் உருகுவதற்கு ஐந்து ஆம்பியருக்கு மேல் ஓடவேண்டும். மனித இருதயத்தை நிறுத்துவதற்கோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே தாராளம். மனிதன் துடித்து விழுந்தாலும் ஃப்யூஸ் அசையாது.

ஃப்யூஸ் வந்த தைரியத்தில் கம்பிகளை மேலும் மேலும் மறைத்தார்கள். முதலில் மரச்சட்டம் வந்தது. இரண்டு பள்ளம் வெட்டிய கட்டை. ஒன்றில் வரும் கம்பி, மற்றதில் போகும் கம்பி. மேலே அலங்கார மூடி. பார்ப்பதற்கு வீட்டு மரவேலையைப் போலவே இருக்கும். மூடியை அறைகிற ஆணி சற்றுத் தவறினால் கம்பியில் இறங்கும். சுவரில் ஈரம் ஏறினால் மரம் ஊறும். பிறகு மெல்லிய இரும்புக் குழாய் வந்தது. ஈய உறை போட்ட கம்பி வந்தது. அவற்றைச் சுவரிலே புதைத்து மேலே பூசினார்கள். பூசிய மறுநாள் முதல் அது எங்கே ஓடுகிறது என்பது பூசியவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாகிவிட்டது. அவர் போனபின் அதுவும் இல்லை.

செம்புக் கம்பிக்கு மேல் போர்த்தியது என்ன? ரப்பர்தான். கந்தகம் சேர்த்துக் காய்ச்சிப் பதப்படுத்திய ரப்பர். அதற்கு இந்தியா ரப்பர் என்றே பெயர் வழங்கிற்று. அந்தக் கந்தகம் செம்பை அரிக்கும் என்பதால் கம்பிக்கு ஈயம் பூசி, அதன்மேல் ரப்பரைப் போர்த்தி, மேலே பருத்தி நூல் பின்னினார்கள்.

இங்கே நம் ஜனங்களின் கதையும் வந்து கலக்கிறது. ஆரம்பத்தில் அந்த ரப்பர் அமேஸான் காடுகளிலிருந்து வந்தது. 1876-ல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேஸிலிலிருந்து ரப்பர் விதைகளைக் கொண்டுவந்தார். அவை லண்டனை அடுத்த க்யூ தோட்டத்தில் முளைத்து, நாற்றாக இலங்கைக்குப் போயின. அங்கிருந்தும் க்யூவிலிருந்தும் மலாய் நாட்டுக்குப் பரவின. முதல் உலக யுத்தம் தொடங்குகிற சமயத்துக்குள் காட்டு ரப்பரைத் தோட்ட ரப்பர் விஞ்சிவிட்டது. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து, மரத்தின் பட்டையைக் கீறிப் பால் வடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன கூலிகள். இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் படுக்கையறைச் சுவருக்குள் ஓடிய கம்பியின் மேல் உறையாக இருந்தது, பேராக்கிலோ சிலாங்கூரிலோ ஒரு தமிழ்ப் பெண் கிண்ணத்தில் பிடித்த பாலாகவும் இருக்கலாம். அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. பால் எடுத்தவளுடைய லயத்தில் மண்ணெண்ணெய்ச் சிமினியாவது இருந்ததோ என்னவோ!

ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. அதற்கும் முதுமை உண்டு. இருபத்தைந்து முப்பது வருஷங்களில் அது இறுகி, நெகிழ்ச்சி போய், அப்பளம் மாதிரி ஆகிவிடும். விளக்கின் சூடு படுகிற இடத்தில் இன்னும் சீக்கிரம். விசித்திரம் என்னவென்றால், யாரும் தொடாதவரைக்கும் அது உதிராது. சுவருக்குள் அப்படியே ஒட்டிக்கொண்டு, தன் வேலையைச் செய்வதுபோலவே இருக்கும். மெயின் பெட்டியை மாற்றுவதற்காக அந்தக் கம்பியின் முனையைச் சற்று வளைத்தால் போதும். பொலபொலவென்று உதிர்ந்து செம்பு பல்லைக் காட்டும். பெட்டியை மாற்ற வந்தவர் முதலில் கம்பியின் வயதை விசாரிப்பதற்கு இது முதல் காரணம்.

இரண்டு யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் பிரிட்டனில் மின்சாரம் வேகமாகப் பரவியது. 1926-ல் சட்டம் செய்து, நாடு முழுவதையும் ஒரே கம்பிவலையால் இணைத்தார்கள். 1930-களின் முடிவில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளுக்கு மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான வீடுகளில் அறைக்கு ஒரு விளக்கு, கூடத்தில் ஒரு பிளக், அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டி வாங்கினார்கள். அதை விளக்கு மாட்டும் இடத்திலேயே செருகினார்கள். ரேடியோ வாங்கினார்கள், பக்கத்து அறைக் கம்பியிலிருந்து ஒரு கிளை இழுத்தார்கள். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கிளை. ஒவ்வொரு கிளைக்கும் தரைப்பலகைக்கு அடியில் ஒரு மூட்டு. கிளை இழுத்தவர் சில சமயம் தொழிலாளி, சில சமயம் வீட்டுக்காரரின் மைத்துனர். யாரும் படம் வரைந்து வைக்கவில்லை.

இன்னொரு விநோதமும் உண்டு. அந்தக் காலத்தில் வரும் கம்பி, போகும் கம்பி இரண்டிலுமே ஃப்யூஸ் வைத்தார்கள். இரட்டைக் காவல் என்று நினைத்தார்கள். போகும் கம்பியின் ஃப்யூஸ் மட்டும் உருகினால் என்ன ஆகும்? விளக்கு அணைந்துவிடும். மின்சாரம் இல்லை என்று எண்ணி ஒருவர் கையை வைப்பார். மின்சாரமோ அங்கேயே நின்றுகொண்டிருக்கும். காவல்காரனே திருடனுக்குத் திரை பிடித்த கதை இது.

1942-ல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தார்கள். ரப்பர் நேச நாடுகளுக்குக் கிட்டாமல் போயிற்று. அந்தத் தோட்டங்களிலிருந்த தமிழர்களில் ஆயிரக்கணக்கானவர்களைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை. ரப்பர்ப் பஞ்சத்தினால் கம்பியின் மேல் போர்த்த வேறு பொருள் தேடியவர்களுக்குப் பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் கைகொடுத்தது. 1950-களில் அது வீடுகளுக்குள் நுழைந்து, 1960-களில் ரப்பரை அடியோடு வெளியேற்றிவிட்டது.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, குண்டு விழுந்து இடிந்த வீடுகளைத் திரும்பக் கட்டும்போது மின்சாரத்தை எப்படி அமைப்பது என்று யோசிக்க ஒரு கமிட்டி போட்டார்கள். அதில் இருந்த ஒரே பெண்மணி கரோலின் ஹாஸ்லெட். குழந்தைகள் விரலையோ ஊசியையோ விடமுடியாதபடி பிளக் துவாரங்களுக்குள் மறைப்பு வேண்டும் என்பதை வற்புறுத்தியவர் அவர். 1947-ல் வந்த மூன்று சதுர முனைப் பிளக்கு அந்த யோசனைகளின் பலன். செம்புக்குப் பஞ்சமான காலமாகையால் சிக்கனமாக ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். மெயின் பெட்டியிலிருந்து கிளம்பிய கம்பி, எல்லாப் பிளக்குகளையும் தொட்டுக்கொண்டு ஒரு வளையமாகத் திரும்பி, அதே பெட்டிக்கே வந்து சேரும். ஒவ்வொரு பிளக்குக்கும் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் வருவதால், மெல்லிய கம்பியே போதும்.

நல்ல யோசனைதான். ஆனால் வளையம் எங்கேயாவது அறுந்துபோனால்? ஒன்றுமே ஆகாது! இதுதான் அபாயம். எல்லாப் பிளக்கும் வேலை செய்யும்; தண்ணீர் கொதிக்கும்; துணி காயும். இரண்டு கம்பிகள் பங்கிட்டுச் சுமக்கவேண்டிய பாரத்தை ஒரு கம்பி மட்டும் சுமந்து சூடாகிக்கொண்டிருக்கும். ஃப்யூஸ் இருவருக்குமாகச் சேர்த்துக் கணக்குப் போட்டு வைத்தது. ஒருவன் செத்துப்போனது அதற்குத் தெரியாது. பெட்டியருகே வளையத்தின் இரண்டு முனைகளையும் கழற்றி அளந்து பார்த்தாலொழிய, இந்தக் குறை யாருக்கும் தெரியவராது.

இப்படியே ஒவ்வொரு காலமும் சுவருக்குள் ஒரு ரகசியத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. 1966-ல் வந்த விதிகளுக்கு முன் விளக்குக் கம்பிகளோடு எர்த் கம்பி போடவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே அந்த வீடுகளில் பித்தளை விளக்கை மாட்டினால் அது பழுதாகும் அன்றைக்குப் பித்தளையே மின்சாரம் ஆகிவிடும். பல வீடுகளில் தண்ணீர்க் குழாயையே எர்த்தாகக் கட்டியிருந்தார்கள். பின்னால் தெருவில் இரும்புக் குழாயை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். குழாய் மாற்றியவருக்கு மின்சாரம் தெரியாது. மின்சாரக்காரருக்குக் குழாய் மாறியது தெரியாது. வீட்டின் எர்த் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பிளாஸ்டிக் உறையும் நிரந்தரம் அல்ல. 1960-களின் பிற்பகுதியில் செய்த சில கம்பிகளில் உறையை மிருதுவாக வைத்த எண்ணெய், செம்போடு சேர்ந்து பச்சைப் பிசினாகி விசைகளின் வழியே வடிகிறது.

இனி மனிதனைக் காக்கும் கருவிக்கு வருவோம். உருகி அறும் ஃப்யூஸுக்குப் பதில் தானாகவே விழும் விசையை ஜெர்மனியில் ஹியூகோ ஸ்டாட்ஸின் கம்பெனி 1924-ல் கொண்டுவந்தது. நம் ஊரிலும் எம்.சி.பி. என்று எல்லோருக்கும் தெரியும். அதுவும் கம்பியைக் காப்பதுதான். மனிதனைக் காப்பது 1950-களில் உருவாயிற்று. ஆஸ்திரியாவில் கோட்ஃப்ரீட் பீகல்மையர் அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர். அமெரிக்காவில் சார்ல்ஸ் டால்ஸியல், எவ்வளவு மின்சாரம் பிடித்தால் மனிதன் கையை விடுவித்துக்கொள்ள முடியாது என்பதை ஆராய்ந்து, 1961-ல் அதே விதமான கருவி ஒன்றை அமைத்தார்.

அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது என்பது எளிது. ஒரு கண்டிப்பான கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலில் உட்கார்ந்து, வீட்டுக்குள் போன பணம் எவ்வளவு, திரும்பி வந்த பணம் எவ்வளவு என்று ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொண்டிருக்கிறார். போனதும் வந்ததும் சரியாக இருந்தால் பேசமாட்டார். ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு குறைந்தால் போதும், கதவை அடைத்துவிடுவார். குறைந்த மின்சாரம் யாரோ ஒருவருடைய உடம்பு வழியாக மண்ணுக்குப் போயிருக்கலாம் அல்லவா? கண் இமைப்பதற்குள் எல்லாம் நின்றுவிடும். ஹாட்ஃபீல்டுத் தோட்டத்தில் விழுந்தாரே, அவருக்கு வேண்டியிருந்தது இதுதான். பிரிட்டனில் 2008-ல் வந்த விதிகளின் பிறகுதான் வீடுகளுக்குள் இது பரவலாக வந்தது. 2016 முதல் மெயின் பெட்டியின் கூடும் தீப்பிடிக்காத பொருளால் ஆகியிருக்கவேண்டும் என்று ஆயிற்று.

கண்டிப்பான கணக்குப்பிள்ளை பழைய வீட்டுக்கு வந்தால் என்ன நடக்கும்? பழைய ஊழல்கள் வெளியே வரும்!

மாடிப்படி விளக்கையே எடுத்துக்கொள்வோம். அதைக் கீழேயும் போடவேண்டும், மாடியிலும் அணைக்கவேண்டும். முன்னாளில் ஒரு தொழிலாளி, கம்பியை மிச்சம் பிடிப்பதற்காகக் கீழ்வீட்டுச் சுற்றிலிருந்து மின்சாரத்தை எடுத்து, மாடிச் சுற்றின் நியூட்ரல் வழியே திருப்பிவிட்டிருப்பார். அண்ணன் தம்பிக்குப் பாகப்பிரிவினை ஆகிவிட்டது. ஆனால் அண்ணன் கடையிலிருந்து போகிற சரக்குக்குத் தம்பி கடையில் பணம் கட்டுகிறார்கள். பழைய ஃப்யூஸ் இதைக் கண்டுகொள்ளவில்லை. புதிய கணக்குப்பிள்ளையோ அண்ணன் கணக்கில் குறைகிறது, தம்பி கணக்கில் மிஞ்சுகிறது என்று கதவைப் படாரென்று சாத்துவார். மாடிப்படி விளக்கைப் போடும்போதெல்லாம் வீடு இருண்டுபோகும்.

வீட்டுக்காரருக்குக் கோபம் வரும். நாற்பது வருஷமாக ஒழுங்காக எரிந்த விளக்கு, புதுப் பெட்டி வந்த அன்று கெட்டுப்போயிற்றே என்பார். கெட்டுப்போகவில்லை, நாற்பது வருஷமாகக் கெட்டே இருந்தது, இப்போதுதான் தெரிந்தது. வெறும் கணக்குப் பிசகும் அல்ல அது. மாடிச் சுற்றை அணைத்துவிட்டதாக நம்பி ஒருவர் அந்த நியூட்ரலை அவிழ்த்தால், கீழ்ச்சுற்று மின்சாரம் விளக்கின் வழியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில்தான் தொழிலாளியின் யோக்கியதைக்குப் பரீட்சை. மாலையாகிவிட்டது, விருந்தாளிகள் வரப்போகிறார்கள், வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். ஒரு சுலபமான வழி இருக்கிறது. தொந்தரவு கொடுக்கும் கம்பியைக் கணக்குப்பிள்ளையின் பார்வையிலிருந்து விலக்கி, சாதாரண விசையில் மாட்டிவிடலாம். விளக்கு எரியும், எல்லோருக்கும் சந்தோஷம். பெட்டி பளபளப்பாகச் சுவரில் தொங்கும். உயிரைக் காக்கும் என்று நம்பி வீட்டுக்காரர் பணம் கொடுத்து வாங்கிய காவல் மட்டும் அந்தக் கம்பிக்கு இருக்காது. அது அவருக்குத் தெரியவும் தெரியாது.

நல்ல தொழிலாளி இந்தத் தர்மசங்கடத்துக்குள் போகவேண்டியதே இல்லை. பழைய பெட்டி இன்னும் சுவரில் இருக்கும்போதே அவர் கம்பிகளிடம் பேசிவிடுகிறார். அதற்கு அவரிடம் ஒரு சாதனம் இருக்கிறது. ஸிட்னி எவர்ஷெட் என்பவர் 1889-ல் உரிமை பெற்ற கருவியின் வம்சத்தில் வந்தது. 1903 முதல் மெக்கர் என்ற பெயரால் உலகமெங்கும் வழங்குவது. நம் ஊர் மின்சாரத் தொழிலாளியும் அதை மெக்கர் என்றுதான் சொல்கிறார். ஆதியில் கைப்பிடியைச் சுற்றுவார்கள். இப்போது பொத்தானை அழுத்தினால் போதும். வீட்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, 500 வோல்ட் அழுத்தத்தைக் கம்பிக்குள் செலுத்தி, உறையின் வழியே எவ்வளவு கசிகிறது என்று அளக்கும். ஒரு மெகோமுக்குக் குறைந்தால் அந்தக் கம்பியை நம்பக்கூடாது. கசிவு கண்டால் ஒவ்வொரு கிளையாகப் பிரித்து, ஈரமான மூட்டா, எலி கடித்ததா, ஆணி இறங்கியதா என்று தேடலாம். வளையம் முழுதாக இருக்கிறதா, எர்த் கடைசிப் பிளக்குவரை போகிறதா, ஒரு சுற்றின் நியூட்ரல் இன்னொன்றோடு உறவாடுகிறதா என்பதையும் இப்படியே அளந்து கேட்டுவிடலாம். சுவரை இடிக்கவேண்டியதில்லை. 1882-ல் அந்தச் சிறிய ஏடு சொன்ன அதே வழிதான்.

கேட்டபின் வீட்டுக்காரரிடம் உள்ளதைச் சொல்லவேண்டும். இந்தச் சுற்று நல்லது, அது நாலைந்து மணி நேரத்தில் சரிசெய்யக்கூடியது, மாடியில் இருப்பது ரப்பர்க் கம்பி, அதை எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் போடவேண்டும் என்று, வேலை தொடங்குமுன் சொல்லவேண்டும். கையில் பணமில்லாவிட்டால், கெட்ட சுற்றை மட்டும் இணைக்காமல் நிறுத்தி வைக்கவேண்டும். இது கசப்பான பேச்சு. வேறொருவர் நாளைக்கே மாட்டித் தருகிறேன் என்று குறைந்த கூலிக்கு வந்து நிற்பார். வேலை கைநழுவிப் போனாலும் போகும். ஆனால் சுவருக்குள் இருப்பதைத் தெரிந்துகொண்டும் சொல்லாமல் பெட்டியை மூடுகிறவர், அந்த வீட்டுக்குப் பேயைக் குடிவைத்துவிட்டே போகிறார்.

வேலை முடிந்தபின் அந்தத் தொழிலாளி இன்னொரு காரியம் செய்கிறார். எந்த விசை எந்த அறைக்கு, எந்தக் கம்பி எவ்வளவு அளந்தது, எந்தத் தேதியில் பார்த்தது, அடுத்தபடி எப்போது பார்க்கவேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார். விசைகளின் ஜாபிதா ஒன்றைப் பெட்டியிலேயே ஒட்டிவைக்கிறார். வீட்டுக்காரர்கள் அந்தக் காகிதத்தை மேஜை அறையில் எங்கேயோ போட்டுவிட்டு மறந்துவிடுவது வழக்கம். அப்படிச் செய்யாமல் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைக்கவேண்டும். முப்பது வருஷம் கழித்து யாரோ ஒருவர் வந்து இதே பெட்டியைத் திறப்பார். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. அவருக்கும் மனைவி மக்கள் இருப்பார்கள். சுவருக்குள் என்ன இருக்கிறதென்று அவருக்குச் சொல்ல அந்தக் காகிதம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும்.